காத்திருக்கும் வீட்டில் பிரிட்ஜ் வாங்கலாமா?

வாசகர் கேள்வி:

"வெள்ளவத்தையில் வாடகை பிளாட் ஒன்றில் மாமியுடனும் 13 வயது மகளுடனும் இருக்கிறேன். சொந்த ஊர் மானிப்பாய். கணவர் 2018இல் பிரான்ஸ் போய் அகதித் தஞ்சம் கேட்டார். 'கேஸ் சரிவந்ததும் கூப்பிடுறன், கொழும்பில இருந்தால் எம்பசி அலுவல் சுகம்' என்றார். 2019 தொடக்கத்தில், ஆறு மாதத்துக்கு என்று இங்கே வந்தோம். முதல் தடவை றிஜெக்ட் ஆனது தெரியும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், 'ஆண்டவருடைய நேரம் வரேக்க எல்லாம் சரிவரும், அவசரப்படாத' என்கிறார். மாமியும் 'பொறுத்தார் பூமியாள்வார்' என்கிறா.

நான் ஊரில் முன்பள்ளி ஆசிரியை. இங்கே ஒரு மொண்டிசோரியில் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். இடையில் விட்டுவிட்டுப் போக வேண்டிவருமே என்று மறுத்துவிட்டேன். விற்றுவிட்டுப் போக வேண்டுமே என்று ஒரு பிரிட்ஜ்கூட வாங்கவில்லை. மகளின் வயலின் வகுப்பையும் நிறுத்தினேன். ஒரு ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர், மூன்று மாதத்தில் விமானம் ஏறுவீர்கள் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். கொடுத்தால் ஆசீர்வாதமாக விளையும் என்று கேட்கும் விதைக் காணிக்கையும் கொடுத்தேன். ஒன்றரை வருடமாகிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டபோது என் விசுவாசம் காணாது என்றார். நாங்கள் மெதடிஸ்த சபை, ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போவேன். இப்போதெல்லாம் அங்கே நின்றால் அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. இரவு மூன்று மணிக்கு எழும்பினால் பிறகு நித்திரையில்லை. போன மாதம் மகள், 'அம்மா, எப்ப போறம் எண்டு நான் இனிக் கேக்க மாட்டன்' என்றாள். ஆண்டவர்மேல் கோபப்படுவது பாவமா? இன்னும் காத்திருக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?"

— பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்:

அன்பான சகோதரி,

கோபம் பாவமில்லை. 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் கேட்கப்படுகிறது. கேட்கும் தொனியும் பணிவான தொனியல்ல. என்னை மறந்துவிட்டீரா என்ற தொனி. மற்றச் சங்கீதங்கள் அழுகையில் தொடங்கினாலும் பெரும்பாலும் துதியில்தான் முடியும். 88ஆவது அப்படியும் இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் சபைகள் இத்தனை நூற்றாண்டாக வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஆகவே கொச்சிக்கடையில் நின்றுகொண்டு நீங்கள் மனதுக்குள் சண்டை பிடிப்பது புதிதுமல்ல, தவறுமல்ல. உளவளத்துணையாளராக எனக்குக் கவலை தருவது உங்கள் கோபமல்ல, நித்திரை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

அந்தப் பாஸ்டரைப் பற்றி. உங்கள் விசுவாசத்தை அளக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. சொன்ன தேதி தவறினால் சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும், கேட்டவரல்ல. உயிர்த்தெழுந்த இயேசுவிடம் சீஷர்கள் காலத்தைப் பற்றிக் கேட்டபோது, அதை அறிவது உங்களுக்குரியதல்ல என்றுதான் பதில் வந்தது. சீஷர்களுக்கே சொல்லப்படாத தேதி உங்களுக்கு மைக்கில் சொல்லப்பட்டிருக்கிறது! இனி அந்தக் கூட்டத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஜெபிக்கப் போக விரும்பினால் உங்கள் சொந்தச் சபைக்குப் போங்கள். அங்கே உங்கள் குடும்பத்தைத் தெரிந்த ஒரு போதகர் இருப்பார்.

இப்போது கேள்வியின் நடுவுக்கு வருவோம்.

எரேமியா 29:11 உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு கலண்டரில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்டவர் உங்களைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்ற வசனம். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருக்கும் வீடுகளில் நான் அதிகம் காணும் வசனம் அதுதான். ஆனால் அதற்கு முன்னே என்ன இருக்கிறது என்று ஆறுதலாக வாசிப்பவர்கள் குறைவு. அது ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. அவர்களும் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களுக்கும் ஒரு பாஸ்டர் இருந்தார். அனனியா என்று பெயர். ஒரு அதிகாரம் முன்னே போய்ப் பாருங்கள்: இரண்டு வருடத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று எருசலேம் ஆலயத்தில் சனங்களுக்கு முன்னே நின்று சொல்கிறார். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதம் வேறு கணக்கைச் சொன்னது. எழுபது வருடம். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் வையுங்கள், அதன் பழத்தைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கும் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்றது. இதையெல்லாம் சொன்ன பிறகுதான் சமாதான நினைவுகள் பற்றிய அந்தக் கலண்டர் வசனம் வருகிறது.

எழுபது வருடம் என்பதைப் படித்துப் பயப்பட வேண்டாம், உங்களுக்கு நான் எண்ணிக்கை சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது ஒழுங்கு. வாக்குத்தத்தம் கிடைத்தவர்களுக்கு வந்த கட்டளை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு இருங்கள் என்பதல்ல. தோட்டம் வையுங்கள் என்பது. மரம் பழுக்க வருடங்கள் எடுக்கும் என்று தெரிந்துதான் அது சொல்லப்பட்டது.

2022இல் நாமெல்லாம் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். கொழும்பில் சனம் என்ன செய்தது? வெறும் சிலிண்டர்களை ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டி வரிசையில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் விறகிலோ மண்ணெண்ணெயிலோ சோறு சமைத்தது. காத்திருந்தது சிலிண்டர். நீங்கள் ஏழு வருடமாக அந்தச் சிலிண்டரோடு உங்களையும் உங்கள் மகளையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே பிரிட்ஜை வாங்குங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மொண்டிசோரிக்காரர் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை இருக்க வேண்டாம், இந்தக் கிழமையே நீங்களாகப் போய்க் கேளுங்கள். போக வேண்டிவந்தால் ஒரு மாதம் முன்னே சொல்லிவிட்டுப் போகலாம். மற்ற ஆசிரியைகளும் கலியாணம், பிரசவம், வெளிநாடு என்று அப்படித்தான் போகிறார்கள். உங்கள் கையில் மாதம் ஒரு தொகை வருவது வாடகைக்கு மட்டுமல்ல, நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கும் தெம்பு தரும். ஐரோப்பாவிலிருந்து வரும் காசையே முழுதாக நம்பியிருக்கும் பெண்கள் சில கேள்விகளைக் கேட்கவே பயப்படுவதை இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மகளின் விடயம் இதைவிட அவசரம். ஆபிரகாமின் கதையில் எல்லாரும் ஈசாக்கு பிறந்ததைச் சொல்வார்கள். 75 வயதில் புறப்பட்டவருக்கு 100 வயதில் பிள்ளை. நடுவிலே 86ஆவது வயதில் பிறந்த இஸ்மவேலையும், தாய் ஆகாரையும் பற்றி யாரும் சாட்சி சொல்வதில்லை. பெரியவர்களின் காத்திருப்புக்கு விலை கட்டியவர்கள் அந்த இரண்டு பேரும்தான். கடைசியில் அப்பமும் தண்ணீரும் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். உங்கள் வீட்டில் விலை கட்டுபவள் அந்த 13 வயதுப் பிள்ளை. 'இனிக் கேக்க மாட்டன்' என்று அவள் சொன்னதைப் பொறுமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டால் அம்மாவின் முகம் வாடும் என்று கண்டு, அம்மாவைப் பாதுகாக்கத் தொடங்கிவிட்ட பிள்ளையின் பேச்சு அது. இந்த வயதில் அது அவளுடைய வேலையல்ல.

அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'எப்ப போவம் எண்டு எனக்கும் தெரியாது. போறமோ எண்டும் சரியாத் தெரியாது. ஆனா அதுக்காக நீ ஒண்டையும் நிப்பாட்டி வைக்கத் தேவையில்ல' என்று இவ்வளவும் போதும். வயலின் வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு அடுத்த தரத்துக்கு ஆயத்தப்படுத்தச் சொல்லி ஆசிரியரிடம் சொல்லலாம். பத்தாம் தரத்தில் பாடத் தெரிவு வரும். சாதாரண தரத்தை இங்கேதான் எழுதப்போகிறாள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பிரெஞ்சு படிக்க ஆசைப்பட்டால் படிக்கட்டும், ஆசைப்பட்டால் மட்டும். படித்தது எங்கே போனாலும் கூடவரும்.

இனி, ஆண்டவருடைய நேரம் என்று உங்கள் வீட்டில் சொல்லப்படுவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் விசுவாசி. காலம் அவருடைய கையில் இருக்கிறது என்பதை நம்புகிறேன். ஆனால் ஒரு பிரெஞ்சு அலுவலகம் கடிதம் அனுப்பி, அதைப் பெற்றவர் உங்களுக்கு வாசித்துக் காட்டாமல் இருந்தால், அந்த மௌனத்தை ஆண்டவரின் கணக்கில் எழுதக் கூடாது. அது மனிதருடைய மௌனம். கேட்டால் திறக்கக்கூடியது.

நான் சட்டத்தரணியல்ல. ஆனாலும் அங்கே ஒழுங்கு எப்படி என்று பொதுவாகத் தெரிந்துவைத்தால் உங்களால் சரியான கேள்வி கேட்க முடியும். பிரான்ஸில் அகதித் தஞ்சக் கோரிக்கையை முதலில் பார்ப்பது ஒஃப்ப்ரா என்ற அலுவலகம். அது மறுத்தால், மறுப்பு கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் தஞ்சக் கோரிக்கைக்கான தேசிய நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். அங்கேயும் மறுத்தால் மீள்பரிசீலனை கேட்கலாம், அதற்குப் புதிய ஆதாரம் வேண்டும். அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் பத்து வருட வதிவிட அட்டை கிடைக்கும். தஞ்சம் கேட்பதற்கு முன்பே கட்டிய மனைவியையும் பிள்ளைகளையும் வருமானக் கணக்கோ வீட்டின் அளவோ காட்டாமலே கூப்பிட்டுக்கொள்ளலாம். தஞ்சம் சரிவராமல் வேலை அடிப்படையிலோ வேறு வழியிலோ அட்டை எடுத்தவருக்குப் பாதை வேறு. அவர் பொதுவாகப் பதினெட்டு மாதம் சட்டபூர்வமாக அங்கே இருந்திருக்க வேண்டும், நிலையான வருமானமும் போதிய வீடும் காட்ட வேண்டும். உங்கள் கணவர் இதில் எந்தப் படியில் நிற்கிறார்? ஏழு வருடத்தில் இது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய விடயம். மகளுக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது. குடும்பமாகக் கூப்பிடும் சட்டங்களில் பிள்ளையின் வயது முக்கியம் என்பதால், சும்மா கடக்கும் ஒவ்வொரு வருடமும் கணக்கில் வரும்.

விபரம் கேட்பது அவிசுவாசம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். யோசேப்பு அப்படி நினைக்கவில்லை. சிறையில் இருந்தபோது பானபாத்திரக்காரனிடம், நீ வெளியே போனதும் என்னை நினைத்துப் பார்வோனிடம் சொல்லு, இந்த வீட்டிலிருந்து என்னை வெளியே எடுத்துவிடு என்று நேரடியாகவே கேட்டுக்கொண்டார். அவன் மறந்துபோனான். முழுதாக இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடத்துக்கு ஆண்டவரிடம் நோக்கம் இருந்திருக்கலாம், அதைப் பிரசங்கிமார் பேசட்டும். மறந்தது பானபாத்திரக்காரன் என்று வேதம் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

நீங்கள் செவ்வாய்க்கிழமைகளில் போகும் அதே கொச்சிக்கடையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்து, ஜூன் மாதம் கோவில் திரும்பத் திறந்தது. ஆட்கள் வந்து மெழுகுதிரி கொளுத்தினார்கள், ஜெபித்தார்கள். கூடவே, பாதிக்கப்பட்ட குடும்பத்தாரும் குருமாரும் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். 2023 ஜனவரி 12இல் வந்த தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆண்டவருடைய நேரம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அந்த வழக்கே இருந்திராது. ஜெபித்தவர்கள்தான் வழக்கும் போட்டார்கள்.

உங்கள் கணவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு மூன்று மணி என்றால் அவருக்குப் பத்தரையோ பதினொன்றரையோ. ரெஸ்டோரன்ட் சமையலறையில் வேலையென்றால் முடித்து வெளியே வரும் நேரம். விசா இல்லாமல் அங்கே வருடக்கணக்காக நிற்கும் ஆண்களுக்குள் பெரிய வெட்கம் ஒன்று வளர்ந்துவிடும். கடன்பட்டு வந்தோம், ஒன்றும் சரிவரவில்லை, இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்ற வெட்கம். ஆண்டவரின் பெயரைச் சொல்லிவிட்டால் மேலே பேச வேண்டியதில்லை. அவருக்கு அது ஒரு போர்வை. வேறு காரணமும் இருக்கலாம். உங்களுக்கும் அந்தப் பயம் மனதின் ஒரு மூலையில் இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை.

நித்திரை விடயம். பவுலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களைக் கவனித்து எழுதினார். ஒருவர் உடலால் இல்லை, மனதில் எந்நேரமும் இருக்கிறார். இழந்தோம் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று ஆறவும் முடியாது. பிற்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் குடும்பங்களையும் அவர் இதனோடு சேர்த்துப் பேசினார். இந்த நிலையில் மனம் சோர்வது பலவீனமல்ல. ஆனால் மூன்று மணி விழிப்பு கிழமைக்கணக்காகத் தொடர்ந்தால், பசி குறைந்தால், ஜெபத்தில் மட்டுமல்ல எதிலுமே உணர்வில்லை என்றால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கிட்ட களுபோவில வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் மனநல கிளினிக்குக்குக் காசு இல்லை. இரவில் தாங்க முடியாமல் போனால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தரம் வந்தாலும்கூட, 1926 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலவச எண், 24 மணித்தியாலமும் இருக்கும். இரவில் போனைப் படுக்கும் அறையிலல்ல, குசினியில் சார்ஜில் போடுங்கள். கணவரோடு கதைப்பதை அவருடைய லீவு நாளில் ஒரு நேரத்துக்கு மாற்றுங்கள்.

அந்த லீவு நாளில்தான் கேள்வியும். மாமியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம், அவருக்கு அது விசாரணை போலத் தெரியும். தனியே, ஆறுதலாக: 'கடைசியா வந்த கடிதத்தை வாட்ஸ்அப்பில படமெடுத்து அனுப்புங்கோ. லோயரின்ர பேரைச் சொல்லுங்கோ. கூப்பிட ஏலாது எண்டு ஆகிட்டுதெண்டா அதையும் சொல்லுங்கோ, நான் சண்டை பிடிக்க மாட்டன்.' கடைசி வசனத்தைச் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். படம் வந்தால் பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிப்பியுங்கள், ஏஜென்சிக்காரரிடம் அல்ல. அவர் கோபப்பட்டால், 'சரி, வாற ஞாயிறு திரும்பக் கேக்கிறன்' என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள். வாற ஞாயிறு கேளுங்கள்.

மாமி குறுக்கே வந்தால் எதிர்த்துப் பேச வேண்டாம். அவவும் ஏழு வருடமாக மகனைப் பார்க்காத தாய். 'பொறுத்துக்கொண்டுதான் மாமி இருக்கிறன், கடிதத்தை மட்டும் பார்ப்பம்' என்றால் போதும்.

காத்திருப்பதா, விடுவதா என்ற உங்கள் கேள்விக்கு இன்று பதில் சொல்ல முடியாது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விடுவதும் தவறு, காத்திருப்பதும் தவறு. மேன்முறையீடு நடந்துகொண்டிருந்தால் காத்திருப்புக்கு ஒரு முகம் வந்துவிடும், நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டே காத்திருக்கலாம். எல்லாம் முடிந்துவிட்டது என்றால், அவர் அங்கேயே நிற்பதா, திரும்பி வருவதா, நீங்கள் மானிப்பாய்க்குப் போவதா என்று இரண்டு பேரும் இருந்து பேசலாம். மூன்று நான்கு தரம் கேட்டும் அவர் ஒன்றையும் காட்டவில்லை என்றால், அது விசாவைப் பற்றிய கேள்வியல்ல, உங்கள் இருவரைப் பற்றிய கேள்வி. அப்போது திரும்ப எழுதுங்கள். அதற்கான பதில் இதைவிட வேறாக இருக்கும்.